மூன்று பேருக்கு மட்டும் சாப்பாடு

“நீங்க சாப்பிடலையா?”

“ருசி பாத்தே வயிறு நெறஞ்சுடுச்சு. நீ சாப்பிடு.”

“உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்.”

“இனிமே காத்திருக்காதே. ஆறிப்போயிடும்.”

“ஆறினா சூடு பண்ணிக்கலாமே?”

“ரெண்டாவது தடவ சூடு பண்ணினா எதுவுமே நல்லா இருக்காது. சமையல்காரன் சொல்றேன், கேட்டுக்கோ.”

கல்யாணமான முதல் வாரத்தில் நடந்த பேச்சு இது. அவள் அப்போது சிரித்தாள். புருஷன் எதைச் சொன்னாலும் சிரிப்பு வருகிற காலம். சொன்னதைக் கேட்டுக்கொண்டாள், காத்திருப்பதையும் விட்டுவிட்டாள். அதன்பின் பன்னிரண்டு வருடத்தில் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள், சொந்தமாக ஒரு வீடு வந்தது, கூடத்தில் நான்கு நாற்காலியோடு ஒரு சாப்பாட்டு மேஜையும் வந்தது. அந்த மேஜைக்கு அவன் மட்டும் வரவில்லை.

அவன் பெரிய உணவகம் ஒன்றில் தலைமைச் சமையல்காரன். கடையில் மட்டுமில்லை, சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், அவளைப் பெற்றவர்கள்கூட அவனை ‘மாஸ்டர்’ என்றே கூப்பிட்டார்கள். விடுமுறை நாளிலும் வீட்டில் கரண்டி பிடிப்பது அவன்தான். மூன்று தட்டுகளில் பரிமாறுவான். பிறகு சமையலறை வாசலில் தோளைச் சாய்த்து நின்று, மூவரும் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். எல்லாரும் எழுந்து கை கழுவியபின், அடுப்பு மேடையோரம் நின்றபடியே பாத்திரத்தில் மிச்சமிருப்பதை நாலு வாயில் முடித்துவிடுவான். பந்திக்கு முந்து என்று ஊரெல்லாம் சொல்லும். மாஸ்டர் பந்தியே அறியாதவன். மேஜையின் நாலாவது நாற்காலியில் பிள்ளைகளின் பள்ளிப் பைகளும் மடிக்காத துணிகளும் குடியேறி வெகுகாலமாகிவிட்டது.

பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் வேளாவேளைக்குச் சுடச்சுட ஆக்கிப் போடுகிற புருஷனிடம் போய் என்ன குறை சொல்வது? ‘கொடுத்து வைத்தவள்’ என்று ஊரே மூக்கில் விரல் வைக்கிறது. கொடுத்து வைத்தவளுக்கு வாய் ஏது? வார்த்தை தொண்டைவரை வரும். அடுத்த கவளத்தோடு சேர்த்து விழுங்கிவிடுவாள்.

இந்த வருடம்தான் விழுங்க முடியவில்லை. போன மாதம் ஒருநாள் பெரியவள் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய், சமையலறை வாசலின் மறுபக்கத்தில் அப்பாவைப் போலவே சாய்ந்து நின்று சாப்பிட ஆரம்பித்தாள். பதினொரு வயதுப் பெண்.

“உக்காந்து சாப்பிடுடி.”

“இதுதாம்மா எனக்குப் பிடிச்சிருக்கு. அப்பா மாதிரி.”

அன்றைக்கு மேஜையில் அவளும் சின்னவன் வாண்டுவும் மட்டும்தான். கண்ணெதிரே மேஜை காலியாகிக்கொண்டிருந்தது. அன்று இரவே அவள் விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகக் கடற்கரை விடுதிகளைத் தேட ஆரம்பித்தாள்.

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, ‘இதுல நல்லா தெரியுதா, இதுலயா?’ என்று நாள் முழுக்கக் கேட்கிறவள். விடுதிகளையும் அப்படித்தான் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துக் கழித்தாள். ஒன்றில் நீர்ச்சறுக்கு பிரமாதம். கடலோ ஒரே பாறை. இன்னொன்று தன்னைக் ‘குடும்பத்துக்கு ஏற்ற இடம்’ என்று சொல்லிக்கொண்டது. படத்தில் இருந்த குடும்பமெல்லாம் கையில் மதுக்கோப்பையோடு இருந்தது. வேறொன்றில் சாப்பாடும் கட்டணத்தில் சேர்த்திதான், ஆனால் தங்கிப் போனவர்கள் எழுதியிருந்ததைப் பார்த்தால், தட்டோடு நிற்கிற வரிசை கடலையே தொட்டுவிடும் போலிருந்தது.

கடைசியில் ஒன்று தேறியது. அலை அடங்கிய, ஆழமில்லாத குடா. வாண்டு கேட்ட சறுக்கு. மதிய வேளையில் பிள்ளைகளை விளையாட வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள். எல்லா வேளைச் சாப்பாடும் கட்டணத்திலேயே சேர்த்தி. இவ்வளவுக்கும் கீழே, யாரும் கவனிக்காத இடத்தில், ‘அறைகளில் சமைக்க வசதி இல்லை, அனுமதியும் இல்லை’ என்று ஒரு வரி. மற்றவர்களுக்கு அது குறை. அவளோ திரும்பத் திரும்ப அந்த வரியையே படித்தாள். அடுப்பே இல்லாத இடத்தில் மாஸ்டர் எங்கே போய் நிற்பான்? உட்கார்ந்துதானே ஆகவேண்டும்? ஒரு முறை உட்கார்ந்துவிட்டால், வீட்டிலும் உட்கார மாட்டானா?

அவனிடம் காட்டினாள். “நல்லாத்தான் இருக்கு” என்றான். அவன் அகராதியில் அதற்குச் சரி என்று பொருளா, வேண்டாம் என்று பொருளா என்பது இத்தனை வருடமாகியும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைவரை அறையை வைத்திருப்பதாக விடுதியில் சொன்னார்கள். அதற்குள் உறுதி செய்யாவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும்.

ஞாயிறு மத்தியானம் நாத்தனார் வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டாள்.

“அண்ணி, விடுதி கிடுதியெல்லாம் மறந்துடுங்க. ஒரு வீடு பாத்திருக்கேன், கடலப் பாத்த மாதிரி. நம்ம ரெண்டு குடும்பமும் தாராளமாத் தங்கலாம். மத்ததெல்லாம் விடுங்க, சமையலறைய மட்டும் பாருங்க!”

ஃபோனை மேஜையின் நடுவில் வைத்தாள். அந்தச் சமையலறை இவர்கள் கூடத்தைவிடப் பெரிதாக இருந்தது. சமையலறையில் தங்கைக்காகப் பழம் நறுக்கிக்கொண்டிருந்த மாஸ்டர் கத்தியும் கையுமாக எட்டிப் பார்த்தான்.

“நாலு அடுப்பு” என்றான், நகைக்கடைக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்க்கிற குரலில்.

அவள் ஃபோனை நாத்தனார் பக்கமே தள்ளினாள். “போன வருஷமும் இப்படித்தானே போனோம்?”

“அதனாலதான் அண்ணி சொல்றேன். அண்ணா பொரிச்ச மீன் இன்னும் எங்க வீட்டுக்காரர் வாயிலயே இருக்கு.”

“ஒரு வருஷமாவா? பல்லு தேய்க்கச் சொல்லு.”

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் சிரித்து வைத்தாள். போன வருடம் மாஸ்டரின் காலில் மணல் ஒட்டியதே மீன் வாங்கப் போனபோதுதான். மற்றபடி அவன் பார்த்த கடலெல்லாம், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலிருந்த ஜன்னல் காட்டிய அளவுதான்.

“அந்த விடுதியில கையில பட்டை கட்டி விடுவாங்களாம் அண்ணி, ஆஸ்பத்திரியில கட்டற மாதிரி. அதக் காட்டிக் காட்டி, யாரோ ஆக்கினத அள்ளிக்கணும். வீட்டுல இப்படி ஒரு ஆள வச்சுக்கிட்டு...”

“வச்சுக்கிட்டு?”

“அய்யோ, கோச்சுக்காதீங்க. அண்ணா, நீயே சொல்லு. உனக்கு எது?”

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் பழத்தைப் பார்த்தான்.

“எனக்கென்ன? எங்க போனாலும் சரிதான்.”

மதில்மேல் பூனை. அவளுக்குச் சுருக்கென்றது. தன் ஃபோனில் விடுதியின் படத்தை எடுத்து, வீட்டின் படம் இருந்த நாத்தனாரின் ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இதுல நல்லா தெரியுதா, இதுலயா? ஒண்ணு சொல்லுங்க.”

“ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா தெரியுது.”

“அப்படிச் சொல்றவங்களுக்குத்தான் கண்ணுல கோளாறு இருக்கும்.”

அப்போதுதான் அவள் ஃபோன் அடித்தது. விடுதிக்காரர்கள். அவள் எடுக்குமுன் வாண்டு பாய்ந்து எடுத்து, குரல் எல்லாருக்கும் கேட்கும்படி அமுக்கிவிட்டான்.

“அங்கிள், சறுக்கு எவ்ளோ உயரம்?”

“மூணு மாடி உயரம் இருக்கும் தம்பி. பயமா இருக்குமா?”

“எங்க அக்காவுக்கு இருக்கும்.”

சிரித்துக்கொண்டே ஃபோனைப் பிடுங்கினாள். அவள் பேச ஆரம்பிக்குமுன் அந்தக் குரலே தொடர்ந்தது.

“மேடம், அறைய உறுதி பண்ணிடலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். ஒரே ஒரு விஷயம். காலையில உங்க வீட்டுக்காரர் பேசினார். மூணு பேருக்கு மட்டும் சாப்பாடு போதும், தனக்கு வேண்டாம், தங்க இடம் மட்டும் போதும்னு கேட்டார். மேலிடத்துல கேட்டுப் பாத்தேன். ஒரே அறையில அப்படிப் பிரிக்க மாட்டாங்களாம். ரொம்ப வேணும்னா அவருக்கு மட்டும் பக்கத்துக் கட்டடத்துல தனி அறை போட்டுத் தரலாம். எப்படிச் செய்யலாம்?”

பழம் நறுக்கும் சத்தம் நின்றது.

நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். “பாத்தீங்களா அண்ணி? அவனுக்கே இஷ்டமில்ல. வாயத் தொறந்து சொல்ல மாட்டான், பாவம்.”

“கொஞ்சம் இருங்க” என்று ஃபோனிடம் சொல்லிவிட்டு, அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“ஏங்க, இது எப்ப பேசினீங்க?”

“நீ குளிக்கப் போனப்ப.”

“எதுக்கு?”

“நான் என்னத்தச் சாப்பிட்டுடப் போறேன்? நாலு வாய். அதுக்குப் போய் ஒரு முழு ஆள் சாப்பாடு... வீண்தானே?”

“அப்ப நீங்க எங்க சாப்பிடுவீங்க?”

“வெளியில ஏதாவது கடை இல்லாமலா இருக்கும்? நின்ன வாக்குல முடிச்சுடுவேன்.”

“நாங்க?”

“நீங்க உள்ள நிம்மதியா உக்காந்து சாப்பிடுங்க. நான் பாட்டுக்கு வெளியில கடலப் பாத்துக்கிட்டு நிக்கறேன்.”

அவளுக்கு அது அப்படியே தெரிந்தது. கண்ணாடிச் சுவருக்கு உள்ளே மூன்று பேர். வெளியே, தோளைச் சாய்த்தபடி, ஒரு தூணில் அவன். அடுப்பே இல்லாத இடத்திலும் நிற்பதற்கு ஒரு வாசலைக் கண்டுபிடித்துவிட்டான், மனிதன். எத்தனை இரவு உட்கார்ந்து தேடினாள்!

“எங்கள விட்டுட்டுத் தனியா நிக்கறது உங்களுக்கு அவ்வளவு பிடிச்சிருக்கா?”

“அப்படியில்லம்மா.” சமையலறை வாசலில் வந்து சாய்ந்து நின்று, சுத்தமாக இருந்த கத்தியைத் துணியால் மறுபடி துடைத்தான். “உள்ள ஒருத்தன் அனல்ல வெந்துக்கிட்டு நிப்பான். அவன் பாடு எனக்குத் தெரியும். நான் வெளியில கால நீட்டிக்கிட்டு, கொண்டு வான்னு உக்காந்திருக்கறதா? கூச்சமா இருக்கு. கைய எங்க வச்சுக்கறதுன்னே தெரிய மாட்டேங்குது. அதுவுமில்லாம, நீங்க சாப்பிடறதத்தான் நான் பாத்துக்கிட்டே இருக்கேனே. நீ மீன் முள்ள எடுத்துத் தட்டு ஓரத்துல வரிசையா அடுக்குவ. வாண்டு காய எடுத்துச் சோத்துக்கு அடியில புதைப்பான். அதப் பாத்தாலே எனக்கு நெறஞ்சுடும்.”

வேறொரு நாளாக இருந்தால் இந்தப் பேச்சில் அவள் உருகிப் போயிருப்பாள். இன்றும் உள்ளே ஏதோ ஒன்று நெகிழத்தான் செய்தது. அதனாலேயே கோபம் இரண்டு மடங்காயிற்று.

“பாக்கறீங்க. கடையில கஸ்டமரப் பாக்கற மாதிரி பாக்கறீங்க. பன்னெண்டு வருஷமா நான் உங்க கஸ்டமர். டிப்ஸ் ஒண்ணுதான் வைக்கல.”

அவன் முகம் சுண்டிப் போனது. நாத்தனார் கைப்பையைத் தேடினாள்.

“அண்ணி, நான் வேணா அப்புறமா வரட்டுமா?”

“உக்காரு!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

சமையலறை வாசலிலிருந்து பெரியவளின் குரல் வந்தது. எப்போதிருந்து அங்கே நிற்கிறாளோ. “அம்மா, எனக்கும் சாப்பாடு வேண்டாம்னு சொல்லிடும்மா. நான் அப்பாகூட வெளியில நின்னுக்கறேன். பாவம், அப்பா தனியா நிப்பாரு.”

வாண்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். “அப்ப உள்ள நானும் அம்மாவும் மட்டுமா? எனக்கு அது வேண்டாம்.”

மாஸ்டர் திரும்பிப் பார்த்தான். மகள் நிலைச்சட்டத்தில் இடது தோளைச் சாய்த்து, ஒரு காலை மடக்கி மறுகாலில் ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். அவன் நிற்பதும் அதே வாசலில், அதே மாதிரிதான். சாய்ந்திருந்த தோளை அவன் மெல்லச் சட்டத்திலிருந்து எடுத்தான். ஆனாலும் நகரவில்லை. நகர்ந்து எங்கே போவது என்று தெரியாதவனைப் போலக் கத்தியைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

கவிழ்ந்து கிடந்த ஃபோன் கனைத்தது. “மேடம், நான் லைன்லதான் இருக்கேன். அவசரமில்ல. மூணா, நாலா?”

நாலு என்று சொல்லி முடித்துவிடலாம். அவனும் வருவான். தண்டனைக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி ஒரு நாள் உட்காருவான். மறுநாள் இன்னொரு தூணைத் தேடிக்கொள்வான். அதற்கு நாலு அடுப்பு வீடே மேல். கேட்டுவிடலாம். கேட்டு, அவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? கேட்காதவரை ஆசை என்று ஒன்றாவது மிஞ்சும். கேட்டு இல்லையென்று ஆனபின், நாளைக்கு இந்த மேஜையில் எந்த முகத்தோடு தட்டை வைப்பது?

அவள் எழுந்தாள். நாலாவது நாற்காலியிலிருந்து பள்ளிப் பைகளை எடுத்துத் தரையில் வைத்தாள். துணிகளை வாரி நாத்தனாரின் மடியில் போட்டாள். நாத்தனார் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். நாற்காலியின் இருக்கையில், கடையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பாலிதீன் உறை அப்படியே கிடந்தது. மற்ற மூன்றிலும் மெத்தை நைந்து துணி வெளுத்திருக்க, இது மட்டும் உறைக்கடியில் புத்தம் புதிதாக மின்னியது. அவள் உறையைப் பிடித்து இழுத்தாள். சரசரவென்று கிழிந்து வந்தது.

கிழித்ததைக் கையில் கசக்கிக்கொண்டே, நாற்காலியைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். தொண்டைவரை வந்த வார்த்தையை, இந்த முறை அவள் விழுங்கவில்லை.

“ஏங்க, எனக்குத் தனியா சாப்பிட்டு அலுத்துப்போச்சு. அங்க மட்டுமில்ல, இங்கயும். என் பக்கத்துல வந்து உக்காந்து சாப்பிடுங்க. ஆறிப்போனாலும் பரவாயில்ல.”