பேச்சாயி அறுத்த பலகை

பேச்சாயி படகை அறுக்கப் போகிறாள் என்ற சேதி, அவள் அறுப்பதற்கு முன்பே அணைக்கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. மீன்பிடி சங்கத்தில் இருந்த பன்னிரண்டு பேரில் அவள் ஒருத்திதான் பெண். வேண்டாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்பார்கள். பேச்சாயி விஷயத்தில் வலை பட்டாலும் குற்றம். அவளுக்குப் படகு கொடுக்கலாமா என்று சங்கம் மூன்று வருடம் யோசித்தது. அவளுக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேருக்கு யோசிக்க மூன்று நாள்தான் ஆனது.

அலுமினியப் படகு, பதினான்கு அடி. குறுக்கே மூன்று பலகைகள். பலகை என்று பெயரே தவிர, ஒவ்வொன்றும் நாலு பக்கமும் அடைத்த பெட்டி. உள்ளே மஞ்சள் ஃபோம் நிரப்பியிருந்தது. படகுக்குள் தண்ணீர் புகுந்தாலும் அந்த ஃபோம் முழுகவிடாது, விளிம்பைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்பலாம் என்று படகு வந்த அன்று சொல்லிக் கொடுத்தார்கள்.

பேச்சாயிக்கு இருந்த சங்கடம், மீன் வைக்க இடமில்லாதது. விடிவதற்கு முன் போய் வலையை எடுத்தாலும் கரை சேர ஒன்பது மணி ஆகிவிடும். அதுவரை கட்லாவும் ஜிலேபிக் கெண்டையும் அவள் காலடியில் வெயிலில் கிடக்கும். ஐஸ் பெட்டியை ஏற்றினால் வலைக்கு இடமில்லை, வலையை ஏற்றினால் ஐஸ் பெட்டிக்கு இடமில்லை. ரெட்டியார்சத்திரத்து வியாபாரி செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பாதியை ஒதுக்குவான். ஒதுக்கிய மீனைத் தின்று தின்று, அவள் புருசன் ராமர் மீன் குழம்பைக் கண்டாலே தட்டைத் தள்ளி வைத்தார். நடுப் பலகைக்குள் இருக்கும் ஃபோமை எடுத்துவிட்டு ஒரு மூடி போட்டால் ஐஸும் மீனும் தாராளமாகக் கொள்ளும். ஆறு மாதமாக அவள் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். யோசித்தபோதெல்லாம் உட்கார்ந்திருந்ததும் அந்தப் பலகை மேல்தான்.

சங்கத் தலைவர் பெருமாள்சாமியிடம் போய்க் கேட்டாள்.

"அதுல கைய வச்சயின்னா போட்டு ஓங்கிட்ட இருக்காது," என்றார் அவர். "போட்டுல மாத்தம் செஞ்சா சங்கம் திருப்பி எடுத்துக்கிரும்னு விதி இருக்கு. ஆம்பளைக நாங்களே அதத் தொடல."

"நீங்க தொடலைன்னா அது என்ன கோயில் சிலையாண்ணே?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பெருமாள்சாமி சிரிக்கவில்லை.

இன்னொன்றும் அவளை அரித்துக்கொண்டிருந்தது. படகு வந்த புதிதில் அவளும் ராமரும் இரண்டே பேர் அதைக் கரையேற்றினார்கள். நாலு வருடம் கழித்து இப்போது ஐந்து ஆள் வேண்டியிருந்தது. படகு ஏன் கனக்கிறது என்று கேட்டதற்கு, "போட்டு கனக்கல, ஒனக்கு வயசாகுது" என்றான் ஒருவன். அவளுக்கு வயது நாற்பத்தொன்று. மூட்டை சிமெண்டை இன்றும் தனியாகத் தூக்குகிறவள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அறுத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

திங்கட்கிழமை காலையில் குட்டியானை வண்டியில் படகைக் கவிழ்த்துக் கட்டித் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வண்டி நின்றபோது, "மலைக்கோட்டை மேல ஓட்டப் போறீகளாக்கா?" என்று டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் கேட்டார். "தண்ணி வரட்டும், ஒங்களுக்கும் ஒரு சீட்டுப் போட்டு வைக்கிறேன்," என்றாள்.

அங்கே பேகம்பூரில் கிதர் முகம்மது அலுமினிய வெல்டிங் கடை வைத்திருந்தார். ஊரிலுள்ள பிரியாணி அண்டாக்களின் ஓட்டைகளெல்லாம் அவருக்கு அத்துபடி. படகைச் சுற்றிவந்து பார்த்தவர் கையை விரித்துவிட்டார்.

"இது மிதவைம்மா. இத எடுத்தா போட்டு முங்கிப்போகும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

"ஒரு பலகைய மட்டும் தொறந்து காட்டுங்க பாய். உள்ள நல்லா இருந்துச்சுன்னா அப்படியே மூடிட்டு நான் பாட்டுக்குப் போயிர்றேன்."

அவர் அரைமனதோடு கட்டிங் மெஷினை எடுத்தார். காய்ந்த தூள் பறக்கும் என்று முகத்தில் துணி கட்டிக்கொண்டார். பறக்கவில்லை. தகடு பிளந்த இடத்திலிருந்து தண்ணீர் வடிந்தது. மேல் தகட்டைத் தூக்கினால், ஃபோம் கழுநீரில் ஊறிய புண்ணாக்கு மாதிரி கறுத்துக் கிடந்தது. பிழிந்தால் பாசி வாடையோடு அணைத் தண்ணீர் சொட்டியது. கிதர் முகம்மது முகத்துத் துணியை அவிழ்த்துவிட்டு மற்ற இரண்டு பலகைகளையும் திறந்தார். மூன்றிலிருந்தும் தோண்டியெடுத்ததைப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தால் நூறு கிலோவுக்குப் பக்கம் வந்தது.

"காஞ்சிருந்தா இதெல்லாம் சேத்து அஞ்சு கிலோ தேறாதும்மா," என்றார். "இது மிதவை இல்ல. கல்லு."

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று தேட வெகுநேரம் ஆகவில்லை. படகுகள் வந்த வாரமே பெருமாள்சாமி ஒவ்வொரு படகிலும் மூன்று பித்தளைத் தகடு அடிக்க வைத்திருந்தார். முன் பலகையில் சங்கத்தின் பெயர், பின் பலகையில் படகின் எண், நடுப் பலகையில் 'தலைவர் பெருமாள்சாமி'. தகட்டுக்கு நாலு திருகாணி, திருகாணிக்கு ஒரு ஓட்டை. உட்காருகிறவன் வேட்டி கிழியக் கூடாதென்று தகடுகளைப் பலகைப் பெட்டியின் முகப்பில், அடியை ஒட்டி அடித்திருந்தார்கள். படகுக்குள் எப்போதும் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் நாலு வருடமாக அந்த வழியே உள்ளே போயிருக்கிறது.

பேச்சாயிக்கு முதலில் சிரிப்பு வந்தது. இதை நம்பித்தான் நாலு வருடமாக இருட்டில் நடு அணைக்குப் போய்வந்திருக்கிறாள். அப்புறம் கோபம் வந்தது, அது போகவில்லை.

முன்னாலும் பின்னாலும் இருந்த பலகைகளுக்குள் பிரியாணிக் கடைகளின் காலி எண்ணெய்க் கேன்களை, மூடியில் பசை தடவி இறுக்கி, கொள்கிற மட்டும் அடைத்து மூடினார்கள். நடுப் பலகை மீன் வைக்கும் பெட்டியானது. அதற்குக் கீல் வைத்து மூடி போட்ட கிதர் முகம்மது, கேட்காமலே ஒரு பூட்டையும் மாட்டிக் கொடுத்தார். திண்டுக்கல்லில் ஒரு மூடி பூட்டில்லாமல் வெளியே போனால் ஊருக்கல்லவா அவமானம்.

மறுநாள் காலையில் மதகுப் படிக்கட்டில் சங்கம் கூடியிருந்தது. படகுகளைக் கட்டுகிற இடம் அதுதான். படியை விட்டு இறங்கினால் இரண்டு ஆள் ஆழம். பெருமாள்சாமி கையில் எழுதிய தாளோடு நின்றார். அவர் மனைவி சிவனம்மாள் வழக்கம்போல் படியில் உட்கார்ந்து மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். சங்கத்து விவகாரத்தில் அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

"போட்ட ஒப்படைச்சிட்டேன்னு கையெழுத்துப் போடு," என்றார் பெருமாள்சாமி.

பேச்சாயி ஒரு சாக்கை அவிழ்த்து, ஊறிப்போன ஃபோமைப் படியில் கொட்டினாள். நடந்ததைச் சொன்னாள். திருகாணி ஓட்டையையும் விடாமல் சொன்னாள்.

"நீ பேணாம வச்சிருந்த, ஊறிருச்சு," என்றார் அவர். "எங்க போட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உசுரக் காப்பாத்துற சாமானை மீன் வைக்கத் தோண்டிப் போட்டுட்டு, நியாயம் வேற பேசுற."

"அப்ப முக்கிப் பாத்துருவோம்ணே."

அவள் அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் படகில் ஏறி, இரண்டு துடுப்புத் தூரம் தள்ளிப்போய், ஒரு விளிம்பில் முழு எடையையும் போட்டுச் சாய்த்தாள். தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே ஏறியது. ராமர் கரையில் நின்று, "ஏத்தா, வேணாம்த்தா," என்று கத்தினார். படகு இறங்கியது, இறங்கி, விளிம்பு நீர்மட்டத்துக்கு வந்ததும் நின்றது. பேச்சாயி நடுப் பலகை மேல் இடுப்புத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். படகு லேசாக ஆடியதே தவிர, அதற்குமேல் ஒரு விரல்கடை இறங்கவில்லை. கரையில் எல்லோரும் பார்க்கட்டும் என்று செத்த நேரம் அப்படியே இருந்தாள்.

"இப்ப ஒங்க போட்டுல ஊத்துங்கண்ணே," என்றாள் அங்கிருந்தே. "அது நின்னுச்சுன்னா நானே கரைக்கு வந்து கையெழுத்துப் போடுறேன்."

தலைவர் படகில் தண்ணீர் ஊற்ற யாருக்குத் துணிச்சல் வரும். பெருமாள்சாமி தாளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "வெளாட்டுக்கெல்லாம் சங்கத்துச் சாமானை முக்க முடியாது. விதின்னா விதிதான்," என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. தன் படகும் நாலு வருடத்தில் கனத்துப்போனது அவருக்குத் தெரியாதா என்ன.

சிவனம்மாள் கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டாள். மீன் கழுவுகிற வாளியை எடுத்துக்கொண்டு படி இறங்கி, புருசன் படகுக்குள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். பிறகு இன்னொன்று.

"என்னடி செய்யிற?" என்றார் பெருமாள்சாமி.

அவள் நிமிரவில்லை. பத்து வாளி, இருபது வாளி. ராமர் ஒரு குண்டாவோடு போய்ச் சேர்ந்துகொண்டார். அப்புறம் இன்னும் இரண்டு பேர். விளிம்பு தண்ணீரைத் தொட்டது, ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றது. பிறகு பின்பக்கம் சாய்ந்து, படகு சத்தமில்லாமல் கீழே போய்விட்டது. கட்டியிருந்த கயிறு மட்டும் விறைத்து நின்றது.

"அது சங்கத்துப் போட்டுடி," என்றார் பெருமாள்சாமி.

"நீங்க எனக்குப் புருசன்," என்றாள் சிவனம்மாள். "தெனம் இதுலதான போனீக."

அவர் கையிலிருந்த தாளை வாங்கி, மீன் கூடைக்குள் போட்டாள். வாளியை மறுபடி நிரப்பிக்கொண்டு, படியில் நின்ற ஆண்களை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அடுத்த போட்டு யாருது?"