ஐந்நூறாவது ஆள்

எங்கள் ஊருக்குப் பஸ் விட வேண்டுமென்றால் ஐந்நூறு தலை வேண்டும் என்பது விதி. வீடு வீடாக எண்ணிப் பார்த்ததில் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஒற்றைத் தலைக்காகப் பஸ்ஸைக் கோட்டைவிட்ட ஊர் வேறெங்கும் இருக்காது.

எனக்கு வயிறு எரிந்தது. டவுனில் மருந்துக் கடை வேலை தயாராக இருந்தது. முதல் தேதிக்குள் சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். மெயின் ரோட்டுக்கே ஒன்றரை மணி நேர நடை. "பஸ் வரட்டும், தாராளமா போ" என்று என் மாமியார் வாக்குக் கொடுத்திருந்தார். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்கிற மாதிரியான வாக்கு.

விட்டுப்போன அந்த ஒருவர் யார் என்று ஊரே தேடியது. பால்காரர் தன் கைக்குழந்தையை இன்னொரு தரம் எண்ணச் சொல்லிக் கெஞ்சினார். கடைசியில் பட்டியலின் நகலை நானே வாங்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு நேரே எழுதியிருந்தது: 'வசிப்போர் மூன்று. விருந்தாளி ஒன்று.'

"அத்தை, யாரு அந்த விருந்தாளி?"

"எழுத வந்தவன் உள்ள எட்டிப் பாத்து, 'அது யாரு'ன்னான். 'வீட்டுக்கு வந்தவ'ன்னேன். அதுல என்ன தப்பு?"

மருமகளை அப்படித்தான் சொல்வார்கள். குமாஸ்தா அதை விருந்துக்கு வந்தவள் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். ஆனாலும் மூன்று வருஷம் ஆக்கிப் போட்ட எனக்குச் சுருக்கென்றது.

ஊரார் மனுப் போட்டுக் கேட்டிருந்த மறு எண்ணிக்கைக்கு மூன்று நாள் இருந்தது.

"அன்னைக்குத் திருத்திச் சொல்லிடுங்க" என்றேன்.

"பாக்கலாம்."

நான் கணக்கில் வந்தால் பஸ் வரும், பஸ் வந்தால் நான் போய்விடுவேன். அத்தை இதில் புலி. குடும்பத் தலைவர் சொல்வதைத்தான் எழுதுவார்களாம். எங்கள் வீட்டில் அந்தத் தலை அத்தையுடையது.

சரி, விருந்தாளி என்றால் விருந்தாளி. மறுநாள் எட்டு மணிவரை தூங்கினேன். எழுந்து வந்து கூடத்து நாற்காலியில் அமர்ந்து, "உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம், ஒரு காபி போதும்" என்றேன். என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது.

"என்னடி கூத்து இது?" என்றார் அத்தை.

"வந்த எடத்துல அடுப்படிக்குள்ள நுழையறது மரியாதை இல்லீங்களே."

முதல் நாள் பருப்பு அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் கொழுந்தன் துவைத்ததில் வெள்ளைச் சட்டையெல்லாம் ஊதாவாயின. மூன்றாம் நாள் அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"மூணு வருஷமாச்சே" என்று நானும் அதே சுவரிடம் சொன்னேன்.

மத்தியானம் குமாஸ்தா வந்தார், பின்னாலேயே பாதி ஊர். நான் துணிப்பையோடு வாசலில் நின்றேன். விளையாட்டாக எடுத்த பைதான். ஆனால் அத்தை 'மூணு' என்றிருந்தால் சத்தியமாக அம்மா வீட்டுக்கு நடந்தே போயிருப்பேன்.

"எத்தனை பேரும்மா?"

அத்தை என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார்.

"நாலு."

"போன தடவை இவங்க விருந்தாளின்னு..."

"எவன் சொன்னான்? இவ என் மருமக."

பால்காரர் விசிலடித்தார். குமாஸ்தா தலை நிமிராமல் அடுத்த கட்டத்துக்குப் போனார்.

"இவங்களுக்கு வீட்டு வேலைன்னு போட்டுக்கவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"மருந்துக் கடையில வேலை. எட்டரை பஸ்ஸுக்குப் போறவ."

"பஸ்ஸே இன்னும் வரலியேம்மா?"

"அவ எப்பவோ கெளம்பிட்டா தம்பி. உன் பஸ்ஸுதான் லேட்டு."