ஒன்பது துண்டாக ஒரு சொல்

எனக்குத் திக்குவாய். அதைவிடப் பெரிய தொல்லை என் அக்கா. நான் "த" என்று வாயெடுத்தால் தண்ணீரை நீட்டிவிடுவாள். எனக்கு வேண்டியது தலைவலி மாத்திரையாக இருக்கும். பாசம்தான், மறுக்கவில்லை. முப்பத்திரண்டு வயதுவரை ஒரு பேச்சையும் முடிக்க விடாத பாசம்.

நாங்கள் இருவரும் மழைக்கோட்டு தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். தையல் ஓட்டைகளை அடைக்க அங்கே புதிதாக ஓர் இத்தாலி மெஷின் வந்தது. திரையில் வருவதெல்லாம் இத்தாலிச் சொற்கள். மெஷின் மக்கர் பண்ணினால் அந்நாட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டு, திரையில் இருப்பதை வாசிக்க வேண்டும். யார் வாசிப்பது மெக்கானிக்குக்குப் புரிகிறதோ அவருக்கே மெஷினில் வேலை என்றார் மேலாளர்.

"எ... எனக்கு வேணும் சார்" என்றேன். பின்வரிசையில் சிரிப்பு. சிரித்துத் தொலையட்டும்.

"உனக்கு எதுக்குடி இந்த வம்பு?" என்றாள் அக்கா.

பத்து நாள், பழைய அட்டைகளின் பின்பக்கம் சொற்களைக் கூறுபோட்டேன். எங்கே வெட்டுவது என்று மேலாளர் தந்த தாளில் இருந்தது. இரட்டை எழுத்து வந்தால் நடுவில் ஒரு வெட்டு. துணி வெட்டிப் பழகிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? நீர் புகாமல் அடைப்பதற்கான சொல்தான் ராட்சசன். ஒன்பது துண்டு: இம், பெர், மே, ஆ, பி, லிட், ஜா, சியோ, னே. சமைக்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்ததில் அக்காவுக்கும் மனப்பாடமாகிவிட்டது.

சோதனை நாளில் எனக்கு முன் மூன்று பேர் அந்தச் சொல்லை ஒரே மூச்சில் விழுங்கினார்கள். போனில் "ஏ? ஏ?" என்ற குரல்தான் வந்தது. அடுத்து நான்.

"இம்... பெர்... மே... ஆ..."

"பி"யில் தொண்டை அடைத்துக்கொண்டது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற அக்காவின் உதடு பிரிந்தது. சட்டென்று அவள் வாயைப் பொத்தினேன். விடுவேனா?

"பி... லிட்... ஜா... சியோ... னே."

மெக்கானிக் அரைகுறை இங்கிலீஷில் ஏதோ நீளமாகப் பேசினார். மேலாளர் நிமிர்ந்தார். "மத்தவங்க படிச்சது ஒண்ணுமே புரியலையாம். இவங்களையே இப்படித் துண்டு துண்டா படிக்கச் சொல்றார். நாளையிலேருந்து மெஷின்ல நீ உக்காரும்மா."

அப்போதுதான் கை ஈரமாக இருப்பது உறைத்தது. அக்கா அழுதுகொண்டிருந்தாள். கையை எடுத்தேன்.

"இத்தனை வருஷமா நான் உன்னை..." என்று ஆரம்பித்தவளுக்கு அதற்கு மேல் வரவில்லை.

அவள் சொல்ல வந்தது எனக்குத் தெரியும். எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தேன்.