நாலாவது குரல்

எங்கள் ஊர்க்காரர்கள் புகையைப் புகை என்று சொல்ல மாட்டார்கள். பனி என்பார்கள். சுற்றிலும் மலை, நடுப்பள்ளத்தில் ஊர். ஊரைச் சுற்றிச் செங்கல் சூளைகள், ஒரு சிமெண்ட் ஆலை, எந்நேரமும் எரிகிற குப்பைமேடு. குளிர்காலம் வந்தால் இத்தனையும் சேர்ந்து தெருவில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். காயப்போட்ட துணியைச் சாம்பல் உதறித்தான் மடிக்க வேண்டும். அப்போதும் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னைக்குப் பனி கொஞ்சம் ஜாஸ்தி" என்பார். கேட்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் மலையேற்ற வழிகாட்டி. விடுமுறை நாளில் நல்ல காற்றுக்கு ஏங்கி வருகிறவர்களை மேலே கூட்டிப்போய், முழுசாகத் திருப்பிக் கொண்டுவருவது என் பிழைப்பு. பாதி மலை ஏறினால் போதும், வானம் நீலமாகத் தெரியும். பெரியவர்கள்கூட வாயைப் பிளந்துகொண்டு அதைப் பார்ப்பார்கள்.

அக்கா அன்று போனில் கூப்பிட்டதும் அந்த நீலத்துக்காகத்தான்.

"அத்தானுக்கு இருமல் விடவே மாட்டேங்குது. டாக்டர் நல்ல காத்து இருக்கிற இடமாக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாரு. உன் மலையை விட்டா நான் எங்கடி போவேன்?"

"அவரால ஏற முடியுமாக்கா? அவரையே கேளு."

"ஏங்க, முடியும்ல?" என்று அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டாள். அவர் மூச்சு இழுக்கும் சத்தம்தான் வந்தது. அதற்குள் அக்கா, "முடியுமாம்" என்றாள்.

அவள் அப்படித்தான். கடையில் சட்டை அளவு கேட்டால் அவள் சொல்வாள். டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் அதையும் அவளே சொல்வாள். அத்தானுக்கு அதில் வருத்தமே கிடையாது. "நான் வாயைத் தொறக்கறது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். மத்த டிபார்ட்மென்ட் எல்லாம் உங்க அக்கா" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மலைவாசலில் எங்களோடு ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் சேர்ந்துகொண்டார்கள். எதிரே இருந்த மரங்கள் தெரியவில்லை. டீ வடிகட்டின துணியின் நிறத்தில் இருந்தது காற்று. வாயில் கரி ருசி.

"மேல எப்படி இருக்கு?" என்று வாசல் காவலரிடம் கேட்டேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இருமிவிட்டு, "பனிதாம்மா. வெயில் வந்தாக் கலைஞ்சிடும்" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. வெயில் வந்தால் இது கலையாது, சரிவு சூடேறினதும் பள்ளத்துக் காற்று மலைமேல் ஏற ஆரம்பிக்கும். ஆனால் அது மதியத்தில்தான். அதற்குள் கணவாயைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் எப்போதும் நல்ல காற்று வீசும், வண்டிப்பாதையும் இருக்கிறது. வேகமாக நடந்தால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வாசலிலும் ஒவ்வொரு வளைவிலும் வழிகாட்டி "எண்!" என்று குரல் கொடுக்க வேண்டும். வரிசையில் இருப்பவர்கள் அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும். தலையை எண்ணுவதற்கு மட்டும் இல்லை இது. மூச்சு திணறுகிறவர்கள் எண்ணைப் பாதியில் விழுங்கிவிடுவார்கள். காதில் கேட்டதுமே ஆள் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

டாக்டர் ஒன்று, அவர் மனைவி இரண்டு, அக்கா மூன்று. மலைக்குப் பழகினவர் கடைசியில் வர வேண்டும். இருமல் வருவதற்கு முன்னால் என்னோடு பலமுறை ஏறினவர் என்பதால் அத்தான் நாலு. ஊன்றுதடியைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்து எனக்கு சல்யூட் வைத்தார்.

முதல் வளைவுகளில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. தலைக்கு மேலே நீலம் தெரிந்தது. டாக்டரின் மனைவி முகக்கவசத்தைக் கழற்றி, "அப்பாடா" என்றார். அக்கா அத்தானைப் பிடித்து நிறுத்தி, "நல்லா இழுத்து விடுங்க, நல்லா இழுத்து விடுங்க" என்று பாடம் எடுத்தாள். அவரும் நல்ல பிள்ளையாக இழுத்து விட்டார். இருமினார். "அழுக்கு வெளிய வருது" என்றாள் அக்கா, சந்தோஷமாக.

அடுத்த வளைவில் கீழே எட்டிப் பார்த்தேன். ஊரைக் காணோம். ஊர் இருந்த இடத்திலிருந்து பழுப்பாக ஏதோ மேலே வந்துகொண்டிருந்தது. மதியத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அது எங்களைவிட வேகமாக ஏறியது.

திரும்பினால் அதற்குள்ளேயே இறங்க வேண்டும். "எல்லாரும் மாஸ்க் போடுங்க. பேசாம வேகமா வாங்க" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் வந்து மூடிக்கொண்டது. நீட்டின என் கையே மங்கலாகத் தெரிந்தது. கண் எரிந்தது, தொண்டை காந்தியது. முகக்கவசத்துக்குள் எல்லோருடைய குரலும் ஒரே மாதிரி ஆகிவிட்டது.

"எண்!"

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு." "நாலு."

சரி. நடந்தோம். அடுத்த வளைவு.

"எண்!"

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு, நாலு."

சரிதான். கணவாய் பக்கத்தில்தான் இருந்தது. கீழே எங்கேயோ டொக், டொக், டொக், டொக் என்று மரத்தில் தட்டும் சத்தம். கொஞ்சம் நின்று மறுபடி அதே போல்.

"மரங்கொத்தி!" என்றார் டாக்டர். இந்த நிலைமையிலும் அவருக்கு ஒரு குஷி. "நம்ம ஊர்ல பார்த்தே எவ்வளவு நாளாச்சு!"

எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தக் குளிர்காலம் முழுக்க இந்த மலையில் ஒரு காக்கையைக்கூட நான் பார்க்கவில்லை, இவருக்கு மட்டும் மரங்கொத்தி வருகிறதாம். நாலடி வைத்திருப்பேன். அப்புறம்தான் அந்தத் தட்டல் நாலு நாலாக வந்தது உறைத்தது. நின்று மறுபடி கேட்டேன். டொக், டொக், டொக். அவ்வளவுதான், நாலு நிறையவில்லை.

"எண்!" என்று கத்தினேன்.

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு, நாலு."

"அத்தான்! நீங்க சொல்லுங்க!"

"அதான் சொல்லியாச்சேடி, நாலு" என்றாள் அக்கா.

நான் வரிசையைத் தாண்டி ஓடிவந்து அவளுக்குப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை.

"எத்தனை வளைவா நீ சொல்லிட்டிருக்க?"

"அவருதான் கை காட்டினாரு. நீ சொல்லிடு, நான் வந்துடறேன்னு கை காட்டினாருடி. பின்னாடியேதான் வந்தாரு..."

நாங்கள் இறங்கி ஓடினோம். ஓடினோம் என்பது பேச்சுக்கு. நாலடிக்கு ஒருமுறை நின்று இருமினோம். அக்கா அவரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். தட்டும் சத்தம் நின்றுவிட்டிருந்தது. அது இன்னும் ஒரே ஒருமுறை கேட்டால் போதும் என்று நான் கெஞ்சினேன், யாரிடம் என்று எனக்கே தெரியவில்லை.

பட்டுப்போன ஒரு மரத்தடியில் அத்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகக்கவசம் கழுத்தில் கிடந்தது. உதடு நீலமாக இருந்தது. தடி கையிலேயே இருந்தது, அதன் முனை நார்நாராகப் பிய்ந்திருந்தது. மரப்பட்டையில் ஒரே இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. கத்த மூச்சு இல்லாமல் மனிதர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் எண்ணைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

நான் நெஞ்சை அழுத்தினேன். டாக்டரும் மாறி மாறி அழுத்தினார். கடைசியில் டாக்டர் அத்தானின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து நிறுத்தினார். அக்கா அத்தானின் முகக்கவசத்தை எடுத்து மறுபடி மூக்கில் மாட்டிவிட்டாள். எனக்கு அவள்மேல் தாங்க முடியாத கோபம் வந்தது. அதே நிமிஷம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் என் பையிலிருந்து கயிற்றையும் தார்ப்பாயையும் எடுத்தேன்.

கணவாய்க்கு ஏற வேண்டும், வாசல் பக்கம் என்றால் இறக்கம்தான். டாக்டரும் நானும் முன்னால், அக்காவும் டாக்டரின் மனைவியும் பின்னால் தூக்கிக்கொண்டு வந்தோம். நான் எந்த வளைவிலும் குரல் கொடுக்கவில்லை.

வாசலில் புகை இன்னும் கெட்டியாக இருந்தது. எங்கள் காலடிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கூண்டுக்குள்ளிருந்து காவலர் கூப்பிட்டார்.

"யாரு, காலையில போன ஆளுங்களா? எண் சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு, "ஒண்ணு" என்றார்.

"ரெண்டு" என்றார் அவர் மனைவி.

"மூணு" என்றாள் அக்கா. அடுத்த எண்ணுக்கு அவள் உதடு தானாகப் பிரிந்தது. தார்ப்பாயின் முனையை விடாமல், பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டாள்.

காவலர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார்.

"நாலு யாரு?" என்றார். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. பனியில ஒண்ணுமே தெரியல."