இடது இறக்கையின் கடைசி முழம்

"இன்னும் கொஞ்சம் தூக்குங்க. இன்னும். ஆங், போதும்" என்றாள் அமல்ராணி.

இடது இறக்கைக்குப் பின்னால் குனிந்து, இடுக்கில் ஒரு ஹேக்ஸா பிளேடைச் செருகிப் பிடித்திருந்தாள். வீட்டுக் கொட்டகையில் அவர்களே செய்துகொண்டிருந்த விமானத்தின் ஒற்றை இருக்கையில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் பாக்கியசாமி, விமானம் ஓட்டும் கோலை இடப்பக்கம் சாய்க்க, இறக்கையின் பின்னோரத்தில் கீல் போட்டுத் தொங்கவிட்டிருந்த நீளப் பலகை மேலே எழும்பியது. ஐலரான் என்று அதற்குப் பெயர். அது ஏறி இறங்கினால்தான் விமானம் சாய்ந்து திரும்பும். இறக்கைக்கும் அதற்கும் நடுவே பிளேடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடையில்லாமல் ஓட வேண்டும். ஓடியது. கடைசி முழத்துக்கு வந்ததும் சிக்கிக்கொண்டது. பலகை கிர்ரென்று உரசியது.

"எந்த எடத்துல?"

"நேத்து எந்த எடமோ அதே எடம்தான். கடைசி முழம்."

"அப்ப கீலுக்குச் சீனு போட்ட ஓட்டைதான். கீலு நேர்ல இல்ல. வளவனூர்லேருந்து பஸ்ஸு புடிச்சி வந்து, கோணலா ஓட்ட போட்டுட்டுப் போய்க்கிறான்."

"அவரு, அளந்து குடுத்த ஒங்களத்தான் சொல்றாரு."

"சொல்வான், சொல்வான். என் பக்கம் பாரு, வெண்ண மாதிரி போவுது." கோலை வலப்பக்கம் சாய்த்துக் காட்டினார்.

வலது பக்கத்திலும் ஒரு மெல்லிய கிர்ர் உண்டு. முப்பத்திரண்டு வருஷம் பஸ் டெப்போவில் இன்ஜின்களோடு காதை ஒட்டிவைத்து வேலை பார்த்ததில் பாக்கியசாமிக்கு வலது காது போய்விட்டது. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்காது. அமல்ராணிக்குக் கேட்கும். வலது பக்கத்து ஓட்டைகளெல்லாம் அவரே போட்டவை. அந்தப் பெருமையைக் கலைக்க மனம் வராமல் ஆறு மாதமாக அவள் வாயைத் திறக்கவில்லை.

"வெண்ணயேதான்" என்றாள். "குக்கரு கத்துது. எறங்கி வாங்க, சாப்டலாம்."

"நீ போ. ரெண்டு தபா ஆட்டிப் பாத்துட்டு வர்றேன்."

உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். நாலு அப்பளம் பொரித்தாள். இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லை. செவிட்டுக் காதைத்தான் வீட்டுப் பக்கம் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். பாக்கியசாமி மோவாய் மார்பில் பட உட்கார்ந்திருந்தார். கை கோலின் மேல் இருந்தது. கோல் வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, செப்டம்பர் மாதம்.

மறுநாள் அவர் உடல் இருந்த ஐஸ் பெட்டியை வைக்க வீட்டுக் கூடம் போதவில்லை. விழுப்புரத்திலேயே பெரிய கார் ஷெட் என்று பாக்கியசாமி பீற்றிக்கொள்ளும் தகரக் கொட்டகையில்தான் வைத்தார்கள். அங்கே பாதி இடத்தை விமானம் பிடித்திருந்ததால், பெட்டி இடது இறக்கைக்குப் பக்கத்தில் வந்தது. ஒன்பது வருஷமாக அவர் எங்கே உட்கார்ந்திருந்தாரோ அந்த இடத்திலிருந்து ஆறடிகூட இல்லை. வாசலில் வாடகை ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. மின்சாரம் இரண்டு மணி நேரம் வந்து இரண்டு மணி நேரம் போகிற காலம்.

இறக்கை இடுப்புயரம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுத் தம்ளரை அதன்மேல் வைத்தார்கள். அவர் இருந்திருந்தால் வீதிவரை கத்தியிருப்பார். மகள் சகாய பிரியா பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

திண்டிவனத்திலிருந்து வந்த நாத்தனார் சவுரியம்மாள் பெட்டியின் மேல் விழுந்து பாட்டெடுத்தாள்.

"சைக்கிளு வாங்கித் தந்தா சாக்கடையில வுட்டியே, என் தம்பி! ஸ்கூட்டரு வாங்கித் தந்தா செவுத்துல மோதுனியே, என் தம்பி! ஏரோப்பிளேன செஞ்சி வெச்சி ஏறாம போனியே!"

பிரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அமல்ராணிக்குத் தெரிந்தது. அவளும் குனிந்துகொண்டாள்.

ஏறாமல் போனார் என்பது உண்மைதான். பறக்க அனுமதி வாங்குவது இந்தப் பிறவியில் ஆகாது என்று பாக்கியசாமிக்கே தெரியும். பங்குனியில் ஏரி காய்ந்ததும் ஏரிக்குள் கொண்டுபோய் ஓட்ட வேண்டும், முடிந்தால் ஒரு சாண் எழும்ப வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

"அம்மா, சீனு மாமா வெளியவே நிக்கிறாரு" என்றாள் பிரியா. "மால போட்டுட்டு அப்பவே போயி ஜெனரேட்டர்கிட்ட நின்னுக்கினு இருக்காரு. கூப்ட்டா வரமாட்டேன்றாரு."

அமல்ராணிக்குக் காரணம் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே இடத்தில் இரண்டு பேருக்கும் சண்டை. உன் ஓட்டை கோணல் என்றார் இவர். உன் அளவு கோணல் என்றார் அவர். சீனுவாசன் வேர்க்கடலை விவசாயி, அவர்கள் பேச்சில் மல்லாட்டை. பம்ப்செட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். ஒன்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் வந்தவர் அன்றைக்குப் போனதுதான், அப்புறம் வரவில்லை.

மகன் லூர்து பிரகாஷ் புனேயிலிருந்து வந்துசேர மூன்று மணி ஆகும். அடக்கம் நாலு மணிக்கு. பெட்டியருகே பாயில் உட்கார்ந்து பெண்கள் செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். அமல்ராணியும் சொன்னாள். கண் பெட்டியைத் தாண்டி எதிரே போனது.

இத்தனை வருஷத்தில் இப்படித் தரையில் உட்கார்ந்து அவள் இறக்கையைப் பார்த்ததில்லை. எல்லாரும் நின்றுகொண்டு குனிந்துதான் பார்த்திருக்கிறார்கள். இப்போது ஐலரானின் ஓரம் கண்ணுக்கு நேராக, வாசல் வெளிச்சத்தில் கோடு போட்டாற்போல் தெரிந்தது. கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசி முழத்தில் மட்டும், சூட்டில் வளைந்த அப்பளம் மாதிரி மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

கையிலிருந்த செபமாலை மணி அப்படியே நின்றது.

கீல் வளையவில்லை. பலகைதான் வளைந்திருக்கிறது.

அந்தப் பலகை வெறும் சட்டம்தான். அதன் இரண்டு பக்கமும் துணி ஒட்டி, துணிமேல் இஸ்திரிப் பெட்டி ஓட்டினால், சூட்டில் துணி சுருங்கி மத்தளத் தோல்போல் விறைக்கும். அது அமல்ராணியின் வேலை. இடது பலகைக்கு மேல்பக்கத்தை முழுச் சூட்டில் தேய்த்து முடித்தாள். திருப்பிப் போட்டுக் கீழ்ப்பக்கத்தில் முக்கால்வாசி போனபோது மின்சாரம் போய்விட்டது. யார்தான் காத்திருப்பார்கள்? எல்லா வீட்டிலும் செய்வதுபோல, பெட்டியில் மிச்சமிருந்த சூட்டிலேயே பாக்கியை இழுத்துவிட்டு, "முடிஞ்சிதுங்க" என்று அவரிடம் கொடுத்துவிட்டாள். பாக்கி இருந்தது கடைசி முழம். அங்கே மேல்துணி இறுகி, கீழ்த்துணி தளர்ந்து, சட்டம் மேல்பக்கமாக வளைந்து நுனி இறக்கையில் உரசிக்கொண்டிருக்கிறது.

எழுந்து நேரே வாசலுக்குப் போனாள். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் சீனுவாசன் தோளில் துண்டோடு நின்றிருந்தார்.

"சீனு தம்பி, உள்ள வாங்க."

"வேணாம் அண்ணி. நா இங்கயே இருக்கேன்." தோள் துண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "கடைசியா அவரப் பாத்து இன்னா சொன்னேன் தெரியுமா? ஒன் பிளேனு மல்லாட்டக் கொல்லையில காக்கா ஓட்டத்தான் லாயக்குன்னேன். இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு உள்ள வர்றது?"

"அவரு ஒங்களச் சொன்னது அதுக்கு மேல. உள்ள வாங்க, ஒண்ணு காட்டணும்."

"என் ஓட்ட கோணலுன்னே நெனச்சிக்கினு போய்ட்டாரு அண்ணி."

"ஒங்க ஓட்ட கோணல் இல்ல. தப்பு என்னுது."

சீனுவாசன் அவளைப் பார்த்தார். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் பின்னால் வந்தார். அவள் காட்டிய இடத்தில் பாயில் உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைப் பார்த்தார். மின்சாரம் போன கதையை அமல்ராணி ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் வாய் கோணியது. பெட்டிப் பக்கம் திரும்பி, கொட்டகையே அதிரச் சத்தம் போட்டார்.

"கேட்டுக்கினியாண்ணே? நா கோணலா போடல! ஒன் பொண்டாட்டிதான்!"

செபமாலை நின்றது. இருபது தலைகள் திரும்பின. சீனுவாசனுக்கு வெட்கம் வந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கட்டின மனைவிக்கு இல்லாத அழுகை.

பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது.

"பிரியா, இஸ்திரிப் பெட்டி எடுத்துக்கினு வா."

"எதுக்கும்மா?"

"ஜல்தி. ரெண்டு மணிக்குப் போய்டும்."

சவுரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "என் தம்பிக்குப் போடச் சட்டையா தேய்க்கப் போற?"

"இல்லிங்க அண்ணி. அவருக்குத் தேய்ச்சாச்சி. இது பாக்கி."

இறக்கைக்கு அடியில் முட்டிபோட்டுப் பலகையின் கீழ்ப்பக்கத்தில் பெட்டியை ஓட்டினாள். பெண்கள் ஒரு நொடி தயங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து செபமாலையைத் தொடர்ந்தார்கள். அவளும் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னாள். ஒவ்வொரு இழுப்புக்கும் துணி மெல்லத் துடித்து இறுகியது. ஓரத்தில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு சீனுவாசன் "இன்னும் நூல் அளவு... இன்னும்... மெதுவா, மெதுவா, எரிஞ்சிடப் போவுது" என்றார். உடலுக்குச் செபம் சொல்லி மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் இதைப் பார்த்துவிட்டு, இறக்கைமேல் இருந்த தம்ளரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"போதும்" என்றார் சீனுவாசன்.

அமல்ராணி அந்தப் பழைய பிளேடை இடுக்கில் செருகி ஓட்டினாள். அது கடைசி முழத்தையும் தாண்டி ஓடி, பிடித்திருந்த விரலிலிருந்து நழுவி, ணங்கென்று தரையில் விழுந்தது.

மூன்றரைக்கு மகன் வந்தான். நாலு மணிக்குக் கோயில் மணி அடித்தது. மழை வரும்போலிருந்தது, வரவில்லை.

சாயங்காலம் கல்லறையிலிருந்து திரும்பியதும் சவுரியம்மாள் திண்டிவனம் பஸ் ஏறினாள். பிரியா நாற்காலிகளை அடுக்கினாள். ஐஸ் பெட்டி போன இடத்தில் தரை ஈரமாக இருந்தது. சீனுவாசன் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அண்ணி, ஒரே ஒரு தபா ஆட்டிப் பாத்துட்டுப் போவட்டா?"

"ஏறி உக்காருங்க."

இருக்கையில் பாதி உடம்பைத்தான் வைத்து உட்கார்ந்தார். கோலை இடப்பக்கம் சாய்த்தார். இடது பலகை சத்தமில்லாமல் எழும்பி நின்றது. அவர் சிரித்தார். வலப்பக்கம் சாய்த்தார்.

கிர்ர்.

சீனுவாசன் நிமிர்ந்தார். அவர் காதுகள் இரண்டும் நல்ல காதுகள். மறுபடி சாய்த்தார். மறுபடி கிர்ர்.

"அண்ணி, இது அண்ணன் போட்ட பக்கமாச்சே."

"ஆமா."

"வெண்ண மாதிரின்னாரே?"

"வெண்ணதான்" என்றாள் அமல்ராணி.

அவர் கோலை நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கினார்.

அதற்கப்புறமும் சீனுவாசன் ஞாயிறு தவறாமல் வந்தார். கொல்லையில் மல்லாட்டை பறித்தால் ஒரு பை கொண்டுவருவார். இறக்கைமேல் படிந்த தூசியைத் துடைப்பார், டயருக்குக் காற்றடிப்பார், இடது பக்கத்துக் கீல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். அண்ணன் போட்ட வலது பக்கத்துக் கீல்களைத் தொடமாட்டார். புறப்படும்முன் ஏறி உட்கார்ந்து கோலை ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் சாய்ப்பார். அமல்ராணி அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

வலது பக்கம் இன்னும் உரசுகிறது.