இன்ஜினியர் லூர்துராஜ் நினைவுச் சாலை

பெட்டியை மூடப் போகிற நேரத்தில் அருள்பிரகாஷ் மைக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஓய்வுபெற்ற பொறியாளர்கள் சங்கத்தின் தலைவர். பேசாமல் எந்த வீட்டிலிருந்தும் அவர் பிணத்தை வெளியே விட்டதில்லை.

“அன்னார் போட்டது சாலை அல்ல, சரித்திரம்!”

ஜெபமாலை சுற்றிய கையோடு பெட்டிக்குள் கிடந்தார் லூர்துராஜ். உயிரோடு இருந்திருந்தால் இந்த இடத்தில் கொட்டாவி விட்டிருப்பார்.

“நம் ஊர் வாசலில் ஓடும் நாலு வழிச் சாலையில், பெட்ரோல் பங்க்கிலிருந்து வாய்க்கால் பாலம் வரைக்கும் ‘இன்ஜினியர் லூர்துராஜ் நினைவுச் சாலை’ என்று பெயர் சூட்ட ஏற்பாடு செய்துவிட்டோம். மினிஸ்டர் தேதி மட்டும்தான் பாக்கி!”

யாரோ கைதட்டிவிட்டு, சாவு வீடு என்பது நினைவுக்கு வர, அந்தக் கைகளை அப்படியே கூப்பிக்கொண்டார்.

மகள் விண்ணரசி நிமிர்ந்தாள். பங்க்கிலிருந்து பாலம் வரைக்கும். பார்த்துப் பார்த்து அந்த இடத்தையே பிடித்திருக்கிறார்கள்.

ஊர் சாலைக்கு வடக்கே; வயலும் கல்லறையும் தெற்கே. சாலையை அகலப்படுத்தியபோது, நடுவில் எழுப்புகிற மீடியனில் ஆள் போய்வர ஒரு வழி விடச் சொல்லி ஊரே லூர்துராஜின் வீட்டுக்கு வந்து நின்றது. வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி அவர், அதே ஊர்க்காரர். மேலே எழுதிக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கலாம். “டிராயிங்ல இல்ல” என்று சொல்லி அனுப்பிவிட்டார். நேர்மையானவர் என்று வாங்கிய பெயரைச் சொந்த ஊருக்காகக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த நடவின்போது, மீடியன் ஏறி இறங்கிய வீரையனின் மனைவி செவ்வந்தியை ஒரு கார் அடித்துக் கொன்றது.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அப்பா பேசியதே அதைப் பற்றித்தான். “அங்க ஒரு வழி விட்டிருக்கலாம்மா.” விண்ணரசி போர்வையை இழுத்துவிட்டாள்.

“பேரெல்லாம் வேணாம் சார்” என்றாள் இப்போது.

“ஆகா, அப்பாவோட பெருந்தன்மை அப்படியே இருக்கு!” அதுவும் மைக்கில்தான்.

“பெருந்தன்மை இல்ல சார். எதாவது செய்யணும்னா அங்க ஒரு வழி விடச் சொல்லுங்க.”

அருள்பிரகாஷ் மைக்கை அணைத்தார். குரல் சாதாரண மனிதனுடையதாகிவிட்டது. “என்னம்மா நீ. பேருன்னா ஒரு போர்டு, முடிஞ்சுது. வழின்னா சேஃப்டி, சாங்ஷன், டெண்டர்னு போகும். நடக்கிற கதையாப் பேசு.”

கோயிலில் பூசை முடிந்து ஊர்வலம் சாலையோரத்துக்கு வந்தது.

சாலை வந்த பிறகு ஊருக்கு ஒரு புது வழக்கமும் வந்திருந்தது. மீடியன் வரை பெட்டி தோளில் வரும். மேலே ஏறி நிற்பவர்கள் அதை வாங்கி, அந்தப் பக்கம் நிற்பவர்களிடம் இறக்குவார்கள். யார் வீட்டுச் சாவானாலும் மேலே நின்று கை கொடுப்பவர் வீரையன். இன்று அவர் பங்க் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“சாரை மூட்டை மாதிரி கை மாத்துறதா?” என்றார் அருள்பிரகாஷ். “வேன் நிக்குது, ஏத்துங்க. பாலத்தாண்ட யூ-டர்ன் அடிச்சு வந்துடலாம்.”

வேனென்றால் சிரமமில்லை. யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதும் இல்லை. அப்பாவும் ஜீப்பில் அப்படிச் சுற்றித்தான் கடைசிவரை போய்வந்தார்.

விண்ணரசி வீரையனிடம் போனாள். “மாமா, எல்லாரையும் கொண்டு போற மாதிரியே அப்பாவையும் கொண்டு போகணும்.”

அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: “மீடியன்ல ஏறுனா ஃபைனுன்னு போர்டு வச்ச மனுசன் பாப்பா உங்கப்பா.”

“தெரியும் மாமா.”

“ஃபைன் போட்டா யாரு கட்டுறது? நீயா, மைக்கு வச்சிருக்காரே அவரா?”

ஆஸ்பத்திரியில் அப்பா சொன்னது நாக்கு நுனி வரை வந்தது. இந்த நேரத்தில் அதைச் சொன்னால், செத்தவனைக் காட்டி மன்னிப்பைப் பிடுங்குகிற மாதிரி இருக்கும். சொல்லவில்லை. நகரவும் இல்லை.

 வீரையன் எழுந்து, துண்டை உதறித் தலையில் கட்டினார்.

“ஏய் தமிழ்மாறா, அந்தப் பக்கம் எறங்கு! லாரி வருது பாரு, கையக் காட்டுடா. இன்ஜினியரு கனமா இருப்பாரு, ரெண்டு ஆளு சேத்து நில்லுங்க.”

“ரூல்படி இது தப்பு” என்றார் அருள்பிரகாஷ். யாரும் திரும்பிப் பார்க்காததால் காரில் ஏறிப் பாலத்தை நோக்கிப் போனார்.

பெட்டி அரளிச் செடிகளுக்கு மேலே எழும்பியது. வீரையன் தலைமாட்டைத் தாங்கி ஒரு நிமிஷம் நின்றார். மூச்சு வாங்கத்தான் நின்றிருப்பார். பிறகு மெல்ல அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்.

கூட்டம் தாண்டி முடிந்ததும் விண்ணரசி ஏறினாள். மீடியன் இவ்வளவு உயரம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அந்தப் பக்கம் காலை வைக்க இடம் தேடினாள். நாகப்பட்டினம் பஸ் ஒன்று ஹாரனை அமுக்கியபடி வந்தது. கீழே இறங்கி நின்ற வீரையன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினார்.