நண்டு வலை

வெளிச்சம் பரவுமுன்பே, தோணிக்கார முதலாளி பேதுரு சம்மாட்டியாரின் வலை குருநகர்க் கரையில் குவிந்துவிட்டது. ஏழு பெண்கள் அதைச் சுற்றிக் குந்தினார்கள். நண்டு கழற்றுவது லேசான வேலை அல்ல. ஒரு கையால் நண்டை அமுக்கி, மறுகையால் நைலோன் கண்ணியை விலக்க வேண்டும். அசந்தால் விரலைக் கவ்விவிடும். பழைய வெட்டுக்களில் உப்புநீர் எரியும். வெயில் ஏறுமுன் எல்லாம் சந்தைக்குப் போகவேண்டும். கரண்டும் ஐசும் யாழ்ப்பாணத்தை விட்டுப்போய் ஒரு வருசமாகிறது. செத்து நாறிய நண்டை யார் வாங்குவார்கள்?

யசிந்தா இடக்கையால் மட்டும் மல்லாடிக்கொண்டிருந்தாள். வீங்கிய வலது மணிக்கட்டைச் சீலைத் தலைப்பு மூடியிருந்தது.

"கையிலை என்னடி?" என்றாள் பக்கத்திலிருந்த மக்டலீன்.

"கிணத்தடியிலை வழுக்கிப்போட்டுது அக்கா."

பொல்லாத கிணற்றடிதான். போன மாதம் யசிந்தாவின் கண்ணை வீங்கவைத்தது. அதற்கு முன் ஒரு பல்லை எடுத்தது. அந்தக் கரையில் பாதிப் பெண்கள் இப்படித்தான் கிணற்றடியில் விழுந்தெழும்பினார்கள். "பாத்து நடவன்" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அவ்வளவு மரியாதை தெரிந்த ஊர்!

மக்டலீன் இன்று அப்படிச் சொல்லவில்லை. கையிலிருந்த நண்டை வலையோடு போட்டாள்.

"இவள் ராத்திரி முழுக்க என்ரை குசினிக்குள்ளை இருந்தவள். தாய் சீதனமாக் குடுத்த வீட்டுக்குள்ளை போகப் பயந்து! கனிசியஸ் அந்த வீட்டை விட்டு வெளிக்கிடுமட்டும் நான் இந்த வலையைத் தொடமாட்டன்."

ஒவ்வொருத்தியாகக் கையை எடுத்தார்கள். "வேண்டாம் அக்கா, வேண்டாம்" என்று யசிந்தா கெஞ்சினாள்.

சம்மாட்டியார் விரைந்து வந்தார். அவருடைய தோணியில் தொழிலுக்குப் போகும் கனிசியஸ், யசிந்தாவின் புருசன், பின்னால் வந்தான்.

"என்ன, இண்டைக்குப் பெருநாளோ? கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறியள்?"

மக்டலீன் காரணத்தைச் சொன்னாள்.

"புருசன் பெண்சாதிக்குள்ளை ஆயிரம் இருக்கும். உங்களுக்கென்ன?"

"ஒருநாள் அவன் தொழிலுக்கு வராட்டி வீட்டுக்குள்ளை போய் இழுத்துக்கொண்டு வாறியள். இவளுக்கு அடிக்கேக்கை மட்டும் அது வீட்டு விசயமோ, சம்மாட்டியார்?"

அவர் யசிந்தாவிடம் திரும்பினார். குரல் இளகியது.

"பிள்ளை, கிணத்தடியிலை விழுந்தன் எண்டு நீதானே சொல்லுறனீ? அதை இவையளுக்கு இன்னொருக்காச் சொல்லு. கனிசியஸை நான் கண்டிக்கிறன்."

ஒரு வார்த்தை போதும். வேலை நடக்கும், கூலி வரும், ஏழு வீட்டு அடுப்பும் எரியும். கனிசியஸ் கண்ணெடுக்காமல் அவளையே பார்த்தான். அந்தப் பார்வையின் அர்த்தம் அவளுக்குத் தெரியும். ஆனால், இன்று பொய் சொன்னால் இந்தப் பெண்கள் இனி எந்த முகத்தோடு தனக்காக எழும்புவார்கள்?

"நான் விழேல்லை" என்றாள். "இவர்தான் கையை முறுக்கினவர். வீடு என்ரை. இனி இவர் அங்கை வரக்கூடாது."

"எடியே!" என்று கனிசியஸ் பாய்ந்தான். ஆறு பெண்களும் எழுந்து குறுக்கே நின்றார்கள். சத்தம் கேட்டு அடுத்த வலையில் இருந்தவர்களும் கையை உதறிவிட்டு வந்தார்கள். கனிசியஸ் நின்றுவிட்டான்.

சம்மாட்டியார் ஏறும் வெயிலைப் பார்த்தார், வலையைப் பார்த்தார். "பாப்பம், பாப்பம்" என்று முணுமுணுத்தார். ஒன்றுக்கும் சம்மதிக்கவில்லை.

"உங்கடை அடுப்பும் எரியாதே அக்கா" என்று யசிந்தா விம்மினாள்.

"எரியாட்டி இருக்கட்டும். பொழுதுபட எல்லாரும் உன்ரை வீட்டை வாறம்" என்றாள் மக்டலீன். "பாயும் கொண்டு வாறம்."